கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டையா?

"அடை வைக்க உருண்டை முட்டையாகப் பொறுக்குங்கள், எல்லாம் பெட்டையாகப் பொரிக்கும், கூர் முட்டை என்றால் சேவல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கோழியினத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடம் இருக்கிறது. பாலை முடிவு செய்யும் குரோமோசோம் (மரபுப் பண்பைச் சுமக்கும் இழை) இசட், டபிள்யூ என இரு வகை; சேவல் தருவது எப்போதும் இசட்தான். பெட்டை தருவது இசட் என்றால் சேவல், டபிள்யூ என்றால் பெட்டை. ஓடு உருவாகும் முன்பே இது முடிவாகிவிடும். வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு எல்லாம் பிறகு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துச் சேர்பவை. உள்ளே இருப்பது யாரென்று ஓட்டுக்கு எப்படித் தெரியும்? ஒரே கோழி பெரும்பாலும் ஒரே வாகில்தான் முட்டையிடும். அப்படியானால் கூர் முட்டைக் கோழிக்குப் பெட்டைக் குஞ்சே பிறக்காதே!

பொறுக்குவது வீண் என்றில்லை. விரிசல் விட்டது, மிகச் சிறியது, கோணலானது ஆகியவற்றைத் தள்ளுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சிலந்திக்கால் போல் ரத்த நாளம் ஓடினால் கரு பிடித்திருக்கிறது, வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை. சேவலா என்றறிய, 21 நாளில் பொரித்த பிறகும் கொண்டை சிவக்கும்வரை சில வாரம் பொறுக்க வேண்டும்.