9,500 ரூபாய்க்குக் காதில் பஞ்சு

ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் எடுத்த அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தும் பார்த்தேன். குடும்பக் குழுவில் போட்டது போதாதென்று இங்கேயும் கொண்டுவந்து என் பெயரைக் கோத்துவிட்டு, முகம்கூடத் தெரியாதவர்கள் எல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போன பிறகு, பேசாமல் இருந்தால் அந்த ஒரு வரியை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அண்ணே, உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெரியப்பா மகன் என்பதால் மட்டுமல்ல, சின்ன வயதில் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவர் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. என் காதில் இருந்த இயர்போனைப் பார்த்து அண்ணி விலை கேட்டார், நான் மறைக்காமல் சொன்னேன். அதை எடுத்து "9,500 ரூபாய்க்குக் காதில் பஞ்சு" என்று என் முகத்துக்கு மேல் எழுதிப் போட்டீர்கள். அன்று நான் சாப்பிட்டு, மொய் எழுதி, மணமக்களோடு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரவு ஒன்பது மணிக்குள் அனுப்ப வேண்டிய வேலை கையில் இருந்தது. படத்தில் மடிக்கணினியும் தெரிகிறது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாருக்கும் காது மட்டும்தான் தெரிந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பத்து முறை வேண்டுமானாலும் சொல்வேன். பாட்டு ஜோராகக் கேட்க வேண்டும் என்று அதை நான் வாங்கவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கத்தான் வாங்கினேன்.

என் வீடு எங்கே என்று வந்துபோனவர்களுக்குத் தெரியும். வடபழனியில், ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்கு நேர் பின்னால். என் மேஜைக்கும் அவர்களுடைய ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு முருங்கை மரமும்தான். தை, வைகாசி, ஆவணி என்றால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் காலையில் நாதஸ்வரம், சாயந்திரம் மெல்லிசை. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், கூம்பு ஒலிபெருக்கி வந்துவிடும். மார்கழியில் விடிகாலை நாலரைக்கே தொடங்கிவிடும். குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45ஐத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. எங்கள் தெருவில் அதை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் போய்ச் சண்டை போடவும் எனக்கு மனசு வராது. "வீட்டை மாற்றேன்" என்பவர்கள், இதே வாடகைக்கு அமைதியான தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொடுங்கள், நாளைக்கே மாறிவிடுகிறேன்.

இந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நான் செய்வது, ஆய்வு மாணவர்களும் ஆவணப்படம் எடுப்பவர்களும் பதிவுசெய்து அனுப்பும் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. அந்தப் பதிவுகள் ஸ்டுடியோவில் எடுத்தவை அல்ல. திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாத்தா பேசுவார், பின்னால் கோழி கத்தும், டிராக்டர் போகும், அவருக்குப் பல் இருக்காது. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பதிவு. "அந்த வருசம்தான் நெலத்த விட்டேன்" என்று அடித்து அனுப்பினேன். அந்த மாணவி திரும்பக் கூப்பிட்டு, "அக்கா, அவர் விட்டேன்னு சொல்லல, வித்தேன்னு சொல்றார்" என்றாள். அவளுடைய ஆய்வே நிலம் கை மாறியதைப் பற்றித்தான். விட்டதற்கும் விற்றதற்கும் எவ்வளவு தூரம்! அன்று எதிரே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, என் காதில் இருந்தது 600 ரூபாய் ஹெட்செட். அந்த இடத்தை ஏழெட்டு முறை ஓட்டிக் கேட்டுத்தான் தப்பாக அடித்திருந்தேன்.

"500 ரூபாய் ஹெட்செட்டே போதுமே" என்று நீங்கள் எல்லாரும் எழுதியிருப்பதற்கு இதுதான் பதில். அதைத்தான் மூன்று வருஷம் வைத்திருந்தேன். ஐந்து மாதத்துக்கு ஒன்று என்று ஏழு போயிற்று. போனதுகூடப் பரவாயில்லை. வெளிச் சத்தம் உள்ளே வரும்போது நாம் என்ன செய்வோம்? ஒலியைக் கூட்டுவோம். மேளம் கூடினால் இன்னும் கூட்டுவோம். மேளம் நின்ற பிறகு குறைக்க மறந்துவிடுவோம், ஏனென்றால் அதற்குள் காது பழகியிருக்கும். ராத்திரி படுத்தால் இடது காதில் "ங்ங்..." என்று ஒரு கம்பி இழுக்கிற மாதிரி சத்தம் கேட்கும். அது வெளியிலிருந்து வருவதில்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நாலே மணி நேரம். பத்து டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் கூடினாலே காதுக்குள் போகும் ஆற்றல் இரண்டு மடங்கு, பத்து கூடினால் பத்து மடங்கு. நான் வாரத்துக்கு 36 மணி நேரம் காதில் வைத்திருக்கிறவள். குறைத்து வைத்தால் சனிக்கிழமை வரை வேலை பார்க்கலாம். கூட்டி வைத்தால் ஒரு வாரத்துக்கான அளவு திங்கள்கிழமை மத்தியானத்துக்குள்ளேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் காதை அடகு வைத்துக் கேட்பது. திரும்பச் சொல்கிறேன், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கத்தான் வாங்கினேன்.

அடுத்தது, "நாய்ஸ் கேன்சலிங் 2,500 ரூபாய்க்கே கிடைக்கிறதே, ஏமாந்துவிட்டாய்." ஏமாறவில்லை. வெளி இரைச்சலை அடக்கும் அந்தத் தொழில்நுட்பத்தைப் பெரிதாக வளர்த்தவர் போஸ் ஒலிக்கருவிக் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ், அப்பா வழியில் வங்காளி. 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும்போது விமான இரைச்சலில் கொடுத்த ஹெட்போனில் ஒன்றும் கேட்க முடியாமல்தான் அந்த யோசனையே அவருக்குப் பிறந்தது. வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அடக்குவது. விமானம், ஏசி, ஓடுகிற பஸ் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலுக்கு அது அருமையான வேலை செய்யும். எங்கள் ஜெனரேட்டருக்கும் செய்யும். ஆனால் நாதஸ்வரத்துக்கு? திடீரென்று விழும் தவில் அடிக்கு? ஹாரனுக்கு? பக்கத்தில் இருவர் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு? அங்கே அது தடுமாறும், விலை குறைந்ததில் இன்னும் தடுமாறும். 25,000 கொடுத்து வாங்குவது நன்றாகச் செய்கிறது, மறுக்கவில்லை, ஆனால் அதிலும் மேல்ஸ்தாயிச் சத்தத்தை, அதாவது கீச்சென்று வருவதைத் தடுப்பதில் பெரும்பங்கு காதை மூடுகிற அந்த ரப்பருக்குத்தான். அப்புறம் அதை சார்ஜ் போட வேண்டும், இரண்டு மூன்று வருஷத்தில் பேட்டரி தளரும், ப்ளூடூத்தில் ஒரு கணம் தாமதம் இருக்கும். காலால் பெடலை மிதித்து மிதித்துப் பதிவைப் பின்னால் ஓட்டி வேலை செய்கிறவளுக்கு அந்த ஒரு கணம் நாள் முழுக்க இடிக்கும்.

என்னுடையது ஷூர் என்ற கம்பெனியின் எஸ்இ215. இதில் மின்சார வித்தை ஒன்றும் கிடையாது, காதுத் துளையை அடைக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்காகப் பொருந்தினால் 37 டெசிபல் வரை தடுக்கும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. பொருந்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பஞ்சு முனையை (ஆமாம், பஞ்சுதான், ஆனால் அமுக்கினால் மெல்ல விரிகிற நுரைப் பஞ்சு) விரல்களுக்கு நடுவில் ஊதுவத்தி கனத்துக்கு உருட்ட வேண்டும். மறு கையால் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். உள்ளே விட்டு, அரை நிமிஷம் விரலை எடுக்காமல் அழுத்திக்கொள்ள வேண்டும். பஞ்சு மெல்ல விரியும். விரிய விரிய வெளியே முதலில் பாத்திரச் சத்தம் மங்கும், அப்புறம் பேச்சு, அப்புறம் நாதஸ்வரம் நாலு தெரு தள்ளிப் போய்விடும். ஜெனரேட்டர் முழுசாகப் போகாது, நெஞ்சுக்கூட்டில் லேசாகத் தெரியும். முதல் நாள் அப்படி வைத்துக்கொண்டு, அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒலி அளவு முன்பு வைத்ததில் பாதிகூட இல்லை. "நெலத்த வித்தேன்." வி-த்-தேன். அந்தத் தாத்தா அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை எச்சில் விழுங்குகிறார், அதுகூடக் கேட்டது.

குறையும் சொல்கிறேன். சித்திரை வெயிலில் காது அரிக்கும், அரை மணிக்கு ஒரு முறை கழற்றித் துடைக்க வேண்டும். போட்டுக்கொண்டு முறுக்கு தின்ன முடியாது, தலைக்குள் கல் உடைக்கிற மாதிரி இருக்கும். ஒயர் துணியில் உரசினால் சரசரக்கும். மாதம் ஒரு முறை காதழுக்கு போய் அடைத்துக்கொள்ளும். பஞ்சு முனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. ஆனால் மூன்றாம் வருஷம் ஒயர் அறுந்தபோது ஒயரை மட்டும்தான் மாற்றினேன், அது கழற்றி மாட்டுகிற ஒயர். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது.

விலை உயர்ந்தது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவும் இல்லை. அதே கம்பெனியின் எஸ்இ846 பல மடங்கு விலை. அதற்கும் அவர்கள் சொல்லும் தடுப்பு அதே 37 டெசிபல்தான். கூடுதல் பணம் உள்ளே ஒலியை உண்டாக்கும் "டிரைவர்" என்ற பாகம் நாலு இருப்பதற்கு, அதாவது ஒலியின் நயத்துக்கு. இசைக்காரர்கள் வாங்கட்டும், எனக்குத் தேவையில்லை. அதே போல, ஒலி நயம் மட்டும் போதும் என்றால் சீனாவிலிருந்து 2,000 ரூபாய்க்கு வருவதே அருமையாக இருக்கிறது, ஒரு நல்ல பஞ்சு முனை தனியாக வாங்கிப் போட்டால் தடுப்பும் ஓரளவு கிடைக்கும். வீடு அமைதியாக இருந்தால் எதையுமே வாங்காதீர்கள். நான் கொடுத்த காசு என் காதுத் துளையை ஒழுங்காக மூடுவதற்கும், அது நாலு வருஷம் உழைப்பதற்கும்தான்.

"மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்குக் காதடைப்பான் கிடைக்கிறது" என்றார் ஒருவர். கிடைக்கிறது, தூங்க நல்லது. அதற்குள் பேட்டி ஓடாது. "ரோட்டில் போட்டுக்கொண்டு போனால் வண்டி வருவது தெரியாதே" என்றார் இன்னொருவர். சரி. ரோட்டில் போடுவதில்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிசே இல்லை. மாமா ஒருவர் எழுதினாரே, "தறி ஓட்டினவன் பொண்ணுக்கு இப்போ இதெல்லாம் கேட்குது" என்று. அதைப் படித்த பிறகு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே குழுவில் 60,000 ரூபாய் போனின் படம் போட்டால் வாழ்த்து சொல்கிறோம். ஒரே ஒரு நாள் கட்டிய பட்டுப் புடவைக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. நான் வேலைக்கு வாங்கிய ஒரு பொருளுக்கு, என் சம்பாத்தியத்தில் வாங்கியதற்கு, என் அப்பாவின் தறி ஏன் வர வேண்டும்?

வந்துவிட்டதால் சொல்கிறேன். பள்ளிபாளையத்தில் 26 வருஷம் விசைத்தறி ஓட்டியவர் என் அப்பா. ஒரு கொட்டகையில் பன்னிரண்டு தறி. அங்கே நின்று பேச முடியாது, வாயசைவையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுபோகும்போது வாசலிலேயே எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அப்பா கழிவு நூலை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார். அது ஒன்றுக்கும் உதவாது என்று இப்போது தெரிகிறது, நூலும் பஞ்சும் சும்மா வைத்தால் தறிச் சத்தத்தைத் தடுக்காது. அப்போது அவருக்குத் தெரிந்தது அதுதான். அதைப் பார்த்து பட்டறையில் சிரிப்பார்கள். "என்னப்பா, காதுல பஞ்சா, பொணத்துக்கு வைக்கிற மாதிரி?" அவர் வெட்கப்பட்டு எடுத்துவிடுவார். அண்ணே, நீங்களும் அந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறீர்கள்.

இரைச்சலில் போகும் காது ஒரேயடியாகப் போகாது. முதலில் மேல்ஸ்தாயி போகும், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். உள்காதில் இருக்கும் மயிர் போன்ற செல்கள் செத்தால் மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. அதனால் அப்பாவுக்குச் சத்தம் கேட்கும், எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மேல்ஸ்தாயி போனதால் பேச்சு விளங்காது. சட்டை என்றால் பட்டையா, கட்டையா என்பார். வீட்டில் நாங்களே சிரித்திருக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்திருப்பார், "பெரியவர் அமைதியானவர்" என்பார்கள். பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது அவர் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சு முனையை உருட்டி வைத்தார்கள், விரிகிற வரை காத்திருந்து, அதற்குள் குழாய் வழியாக ஒலி விட்டார்கள். வெளிச் சத்தம் போகாமல் இருக்கத்தான் அது. காது கேட்கும் கருவிக்கு விலை சொன்னபோது, "இந்த வயசுல எதுக்கு அவ்வளவு செலவு" என்று சொன்னவர்கள் யார் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

படத்தை எடுங்கள் என்று கேட்கவில்லை, இருக்கட்டும். படத்தின் இடது ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பது அப்பாதான், கவனித்தீர்களோ என்னவோ. நேற்று என் போனில் அவரே அதைப் பார்த்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். நான் என்ன சொல்வது என்று நின்றேன். விலையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் காதைக் காட்டி, "நல்லா அடைக்குதா?" என்றார்.

அடைக்குதுப்பா என்று கத்திச் சொன்னேன். கேட்கவில்லை. பக்கத்தில் போய் இன்னொரு தரம் சொன்னேன்.