ராய் என்பது மொழியின் பெயர் அல்ல

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "நேபாளத்தின் ராய் மொழி அழிகிறது" என்று தலைவர் உருகிக்கொண்டிருந்தார். "ராய் என்று ஒரு மொழி கிடையாது ஐயா" என்றேன். "எல்லாம் ஒன்றுதானே தம்பி, இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?" என்றார். அரங்கம் சிரித்தது.

எல்லாம் ஒன்று அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கு நேபாளத்தின் கிராந்தி நாட்டைப் பிடித்த கூர்க்கா அரசர்கள் அங்கிருந்த ஊர்த் தலைவர்களுக்குக் கொடுத்த பட்டம் ராய். பின்னால் அதுவே இனப்பெயராயிற்று. பாந்தவா, துலுங், காலிங், குலுங், டூமி என இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள் அந்த ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டன. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ராய் என்றுதான் சேர்த்து எண்ணினார்கள். 2001-இல்தான் தனித்தனியாகப் பிரித்தார்கள். இதுவா நுணுக்கம்?

சோலுகும்பு மாவட்டத்தில் ஒரு துலுங் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். மாமியார் துலுங், மருமகள் காலிங் ஊர்ப் பெண். இருவரும் ராய்தான். ஆனால் கேழ்வரகுக் களி கிண்டும்போது மாமியார் உப்புக் கேட்பது நேபாளியில். ராய் மொழி என்று ஒன்று இருந்திருந்தால் அதில் கேட்டிருக்க மாட்டாரா?

துலுங்கில் மேலிருந்து இறங்கி வருவதற்கு ஒரு வினை, கீழிருந்து ஏறி வருவதற்கு ஒன்று, சமமட்டத்தில் வருவதற்கு வேறொன்று. ஆற்றிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்த நான் இறங்கி வந்ததாகச் சொல்லிவைத்தேன். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த பேரன் சிரிக்கவில்லை. அவனுக்கு நேபாளி மட்டும்தான் தெரியும்.

"அவர்களே தங்களை ராய் என்றுதானே சொல்கிறார்கள்?" என்பீர்கள். இனத்தைச் சொல்கிறார்கள், மொழியை அல்ல. "நேபாளி இல்லாமல் பிழைக்க முடியுமா?" முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே மொழி, ஒரே உடை, ஒரே நாடு என்று 1990 வரை பஞ்சாயத்து ஆட்சி, அதாவது கட்சிகளைத் தடைசெய்த மன்னராட்சி, முழங்கிய நாட்டில் எப்படி முடியும்? "எழுத்தே இல்லாததை மொழி என்று தூக்கி வைத்து ஆடுகிறாயே?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். என் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர் பேசியது என்னவாம், குருவிச் சத்தமா?

எனக்குப் பெரிய மேடையெல்லாம் வேண்டாம். ஒரு பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

நேற்று கூட்டத்தின் காணொலி வெளியானது. நான் எழுந்து பேசியதை வெட்டிவிட்டார்கள். சிரிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று பார்ப்பவர்களுக்குப் புரியாது.