டெபாசிட்டே வாங்காதவரிடம் டெபாசிட் கேள்வி

போன மாதம் ஒரு துக்கக் காரியத்துக்காகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இரவு ஏழே கால் இருக்கும். தோசை ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மாவின் போன் அடித்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அம்மா, உங்க குழுல ஒரு டியூ நிக்குது. நாளைக்கு மீட்டிங்குக்குள்ள எல்லாரும் சேர்ந்து போட்டுருங்க. இல்லேன்னா யாருக்கும் அடுத்த லோன் ஓப்பன் ஆகாது.”

பேசியது, பெண்களுக்குக் குழுவாகக் கடன் கொடுக்கிற ஒரு மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியின் ஆள். பெரியம்மாதான் குழு லீடர். டியூ கட்டாத பெண்மணி மகளின் பிரசவத்துக்காகத் திருவாரூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டார். அதற்குள் அது கருகிவிட்டிருந்தது.

அப்புறம் கேட்டேன், “இந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கா பெரியம்மா?”

“இல்லாமலா ஊர் ஊரா வந்து குடுப்பான்? ரிசர்வ் பேங்க்னு போட்டிருக்கு பாரு” என்று மஞ்சப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். அந்தப் பையில் மூன்று கம்பெனி கார்டுகள் இருந்தன. தேடிப் பார்த்தேன். ரிசர்வ் வங்கிப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. சுத்தமான லைசென்ஸ். எனக்கு எரிச்சலே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். இப்படி ஒரு லைசென்ஸ் விண்ணப்பத்துக்குக் காகிதம் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். ரிசர்வ் வங்கிச் சட்டம் 45-ஐஏ பிரிவின் கீழ் பதிவுச் சான்று வாங்க வேண்டும். சொந்த நிதி எவ்வளவு என்று ஆடிட்டர் சான்று, இயக்குநர்களின் ஜாதகம், வங்கியின் அறிக்கை, அடுத்த மூன்று வருடத்துக்கு பிசினஸ் பிளான் என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகும். அதோடு இயக்குநர் குழு தீர்மானம் ஒன்று: பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவில்லை, இனியும் வாங்க மாட்டோம். இன்னொரு தீர்மானம்: கடன் வாங்குகிறவர்களை நியாயமாக நடத்துவதற்கான விதித்தொகுப்பு எங்களிடம் இருக்கிறது. இந்த இரண்டாவது தீர்மானத்தை முந்தைய ஃபைலிலிருந்து காப்பி எடுத்துக் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அடித்தோம். பத்து நிமிட வேலை.

டெபாசிட் வாங்குகிற நிறுவனத்திடம் மூலதனத்தைக் குடைந்து கேட்பதில் அர்த்தம் உண்டு. அது கவிழ்ந்தால் பணம் போட்டவன் தெருவுக்கு வருவான். ஆனால் மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியிடம் யாரும் பணம் போட்டு வைப்பதில்லை. அது கவிழ்ந்தால் பெரியம்மாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, உண்மையில் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். அது நன்றாக ஓடும்போதுதான் அவருக்கு ஆபத்து. அப்படிப்பட்ட கம்பெனியிடமும் வாசலில் முதலில் கேட்கிற கேள்வி “உன்னிடம் எத்தனை கோடி?” என்பதுதான்.

என் சீனியர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். “அவனுக்குக் காசு வானத்துலேர்ந்தா வருது? பேங்க்ல கடன் வாங்கித்தான் ஊருக்குக் குடுக்கறான். பேங்க்ல இருக்கறது உன் டெபாசிட், என் டெபாசிட். கேட்கத்தானே வேணும்?” நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி காப்பாற்றுவது என்னையும் அவரையும். பெரியம்மாவை இல்லை.

இந்த லைசென்ஸ் வகை பிறந்ததே கடன் வாங்கியவர்கள் பட்ட பாட்டினால்தான். 2010இல் ஆந்திரத்தில் வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்து, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே மாதம் இதை ஆராய ரிசர்வ் வங்கி மாலேகம் குழுவை அமைத்தது. 2011 டிசம்பரில் மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கென்று இந்தத் தனி வகையைக் கொண்டுவந்தது. அன்று குறைந்தபட்ச சொந்த நிதி 5 கோடி. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு 10 கோடி. பழைய கம்பெனிகளும் 2027 மார்ச்சுக்குள் அதைத் தொட வேண்டும். மூலதனப் படி இப்படி ஏற, 2022 மார்ச்சில் வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். அநியாய வட்டி கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, எது அநியாயம் என்பதற்கு எண் கிடையாது.

அதே 2022 விதிகளில் நல்லதும் நிறைய உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அடமானம் கேட்கக் கூடாது, எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது. உறவினரை, தோழிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது. நான் ஏழே காலுக்குக் கேட்ட அந்த ஒரு போன் காலிலேயே இதில் எத்தனை அடிபடுகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் இன்னொரு வேலையும் செய்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கேரள, குஜராத் வட்டித்தொழில் சட்டங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. சான்று கையில் இருந்தால் அது கேடயமும் கூட. நம் ஊரில் 2025இல் வலுக்கட்டாய வசூலுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது, வரவேற்கிறேன். ஆனால் அது நடந்து முடிந்தபின் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுகிறவர்களுக்கு. ‘சார்’ மேல் கம்ப்ளெய்ன்ட் கொடுத்துவிட்டு அடுத்த லோனுக்கு யாரிடம் போய் நிற்பது?

2024 அக்டோபரில் அதிக வட்டிக்காக ரிசர்வ் வங்கி 4 நிதி நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. நான்கும் லைசென்ஸ் உள்ளவை. சில மாதங்களில் தடையும் விலகியது.

என்னைக் கேட்டால் அந்த ஃபைலில் இன்னும் சில தாள் சேர்க்கச் சொல்வேன். எந்த ஊரில் எத்தனை பேர் வசூலுக்குப் போகிறார்கள், ஒருவருக்கு எத்தனை குழு, சம்பளத்தில் எவ்வளவு வசூல் இன்சென்டிவ், ஒருவர் கட்டாதபோது குழுவில் மற்றவர்களிடம் என்ன சொல்வார்கள். இதற்குப் பதில் எழுத முடியாத கம்பெனி 10 கோடி வைத்திருந்தால் என்ன, 100 கோடி வைத்திருந்தால் என்ன? மூலதனத்தை ஏற்றிக்கொண்டே போனால், கிராமத்தில் முகம் தெரிந்து கடன் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள்தான் முதலில் கடையைச் சாத்தும்.

மறுநாள் காலையில் பெரியம்மா சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பணம் எடுத்து அந்தப் பெண்மணியின் டியூவையும் சேர்த்துக் கட்டினார். காலண்டர் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டார். வசூலுக்கு வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆறு மணி விதியைச் சொன்னேன். “தெரியும்ணே. வசூல் இல்லாம ஆபீஸ் போனா எனக்குத்தான் அர்ச்சனை” என்றான்.

அவன் போனபின் பெரியம்மாவிடம் அவன் பெயரைக் கேட்டேன். இரண்டு வருஷமாக வருகிறானாம். “பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? சார்னுதான் கூப்பிடுவோம்” என்றார்.