என் கட்டுரையைப் படிக்க நானே காசு கட்டவா?

நேற்று ராத்திரி ஒரு மேற்கோளைச் சரிபார்க்க என் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையே தேடி எடுத்தேன். மேலே என் பெயர், அதன் கீழே ஒரு பத்தி சுருக்கம், அதற்கப்புறம் ஒரு பெட்டி: முழுதாகப் படிக்கப் பணம் கட்டவும். வேலை மாறியதில் பழைய நூலகக் கணக்கு போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வுக்குச் செலவானது வரிப்பணம். எழுதியதற்கு இதழ் எனக்குப் பைசா தரவில்லை, கண்விழித்து மதிப்பாய்வு செய்த இரண்டு பேருக்கும் தரவில்லை (நானும் அப்படி ஓசியில் நிறையச் செய்திருக்கிறேன்). பதிப்புரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கம் வடிவமைத்து, பூட்டுப் போட்டு, எங்கள் நூலகத்துக்கே சந்தாவாக விற்கிறார்கள்.

என் கட்டுரை பூட்டிக் கிடந்தால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, சரி. லைபீரியாவில் நடந்தது அப்படியில்லை. எபோலா பரவும் பகுதிகளில் அந்த நாட்டையும் சேர்க்க வேண்டும் என்று, மக்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982இலேயே எழுதிவிட்டார்கள். 2014இல் அங்கே நோய் வெடித்தபோது சுகாதார அதிகாரிகளுக்கு அப்படியொரு கட்டுரை இருப்பதே தெரியாது. அத்தகைய கட்டுரை ஒன்றை இறக்க 45 டாலர், அங்கே ஒரு மருத்துவரின் அரை வாரச் சம்பளம் என்று 2015இல் அந்த அதிகாரிகளே எழுதினார்கள். பூட்டு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூட்டும் ஒரு காரணம்.

"அதான் யாரும் காசில்லாமல் படிக்கிற ஓப்பன் ஆக்சஸ் முறை வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது, படிக்கிறவனிடம் நீட்டிய பில்லை இப்போது எழுதுகிறவனிடம் நீட்டுகிறார்கள். நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. பெரிய நிதி இல்லாத ஆய்வாளர் எங்கே போவார்? கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, பதிப்பகம் மறுத்ததும், 2023இல் நியூரோஇமேஜ் என்ற மூளை ஆய்வு இதழின் ஆசிரியர் குழுவினர் 40 பேருக்கு மேல் கூண்டோடு விலகி, இமேஜிங் நியூரோசயன்ஸ் என்று தனி இதழே தொடங்கினார்கள். எனக்குப் பிடித்த பதில் அதுதான்.

எல்லோராலும் இதழ் தொடங்க முடியாது. ஆனால் இயற்பியல்காரர்கள் 1991லிருந்து ஆர்கைவ் தளத்தில் தங்கள் வரைவுகளை இலவசமாகப் போட்டுவருகிறார்கள், இயற்பியல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏற்கப்பட்ட வரைவைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, சில மாதங்கள் காத்திருக்கச் சொல்லும், விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் இன்று காலை என்னுடையதை ஏற்றிவிட்டேன். படங்களெல்லாம் கடைசிப் பக்கத்தில் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.