உதவிக்கு அழைக்கக் குழந்தைக்கு நாம் தரவேண்டிய அனுமதி

வீட்டில் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து, அருகில் ஐந்து வயதுக் குழந்தை மட்டும் இருந்தால் அது என்ன செய்யும் என்று கேட்டால், "அவசர எண் அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும்" என்று பல பெற்றோர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். எண் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால், கைப்பேசியைத் தொடாதே, முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே, வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று மூன்று கட்டளைகளை நாமே நாள்தோறும் சொல்லி வளர்க்கிறோம். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மீறினால்தான் ஒரு குழந்தையால் அவசர உதவியை அழைக்க முடியும். சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தைதான் இங்கே அதிகம் தயங்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே எண்ணுக்கு முன்பாக அனுமதியைக் கொடுக்க வேண்டும், அதையும் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். "கூப்பிட்டும் தோளைத் தட்டியும் நான் எழுந்திருக்காவிட்டால், யாரையும் கேட்காமல் நீயே போன் செய்யலாம், தேவையில்லாமல் அழைத்திருந்தாலும் உன்னைத் திட்ட மாட்டேன்." அவசரம் என்ற சொல் சிறு குழந்தைக்கு எதையும் உணர்த்தாது. எழுப்பியும் எழாதவர், மூச்சுவிடத் திணறுபவர், நிற்காமல் வழியும் ரத்தம், தீ, நீரில் விழுந்த ஆள் என்று கண்ணால் பார்த்து அறியக்கூடியவற்றைச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

அடுத்த தடை, பூட்டிய கைப்பேசி. தொலைபேசி ஒரே இடத்தில் பொத்தான்களோடு இருந்த காலம் பல வீடுகளில் முடிந்துவிட்டது. பூட்டிய திரையிலேயே, கடவுச்சொல் இல்லாமல் அவசர எண்ணை அழைக்க வழி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சிறிய எழுத்தில், ஓர் ஓரத்தில் இருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கவே பழகாத குழந்தை அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. வீட்டில் உள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்த இடத்தைக் காட்டி, எண்ணை அழுத்துவது வரை பழக்குங்கள். அழைக்கும் பொத்தானை மட்டும் பழக்கத்துக்காக அழுத்த விடாதீர்கள். எண்ணையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிக் கொடுங்கள். நூற்றுப் பன்னிரண்டு என்று கேட்ட குழந்தைக்கு எந்த விசையைத் தொடுவது என்று தெரியாது. ஒன்று, ஒன்று, இரண்டு என்றால் தெரியும். இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995, இலங்கையில் ஆம்புலன்சுக்கு 1990 என்று எண் மாறுவதால், நாடு மாறிய குடும்பங்கள் பழைய எண்ணை மறக்கச் செய்து புதியதைப் பதிய வைக்க வேண்டும்.

பேசத் தொடங்கியதும் கேட்கப்படும் முக்கியமான கேள்வி, எங்கே இருக்கிறாய் என்பது. கைப்பேசி தானாகவே இடத்தைக் காட்டிவிடும் என்று இருந்துவிடக் கூடாது; அடுக்குமாடியில் எந்தத் தளம், எந்தக் கதவு என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்றே பதில் சொல்லும் வயதில், பெற்றோரின் முழுப் பெயரையும் முகவரியையும் சேர்த்தே பழக்க வேண்டும். கேள்விக்கு மேல் கேள்வி வருவதால் உதவி தாமதமாகிறது என்று குழந்தை அஞ்சி இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது. பல நாடுகளில், அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். அது வரும்வரை என்ன செய்வது என்பதையும் தொலைபேசியிலேயே சொல்லித் தருகிறார்கள். "அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீ வைக்காதே" என்ற ஒரு வரி இங்கே மிகவும் உதவும்.

தீ என்றால் மட்டும் வரிசை மாறும். முதலில் வெளியே ஓட வேண்டும், பிறகுதான் அழைக்க வேண்டும். பயந்த சிறு குழந்தைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வதுண்டு. அங்கே புகை சூழ்ந்துவிட்டால் தீயணைப்பு வீரர்களாலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. கேஸ் கசியும் வாசனை வந்தாலும் இதே முறைதான்: சுவிட்சைத் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து பேச வேண்டும்.

இவற்றை அச்சமூட்டும் கதைகளாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒருவர் அடுத்த அறையிலிருந்து அழைப்பை எடுப்பவராக நடிக்க, குழந்தை பொம்மைக் கைப்பேசியில் பேசும் விளையாட்டே போதும். கேள்விகளை மட்டும் ஒவ்வொரு முறையும் வரிசை மாற்றிக் கேளுங்கள். ஒப்பிப்பது குறைந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கம் வரும்.

குழந்தை விளையாட்டாக அழைத்துவிடுமே என்று தயங்கும் பெற்றோரின் கவலை நியாயமானதே. வீண் அழைப்பு, உண்மையாகவே ஆபத்தில் இருப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதைக் குழந்தைக்கும் சொல்லலாம். தவறுதலாக அழைப்பு போய்விட்டால் பயந்து துண்டிக்காமல், "தெரியாமல் அழுத்திவிட்டேன், இங்கே எல்லாரும் நலம்" என்று சொல்லப் பழக்குங்கள். பேச்சில்லாமல் துண்டிக்கப்பட்ட அழைப்பைப் பல இடங்களில் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு திரும்ப அழைப்பார்கள், சில இடங்களில் ஆள் அனுப்பியும் பார்ப்பார்கள்.