‘பார்க்க ஒன்றுமில்லாத’ ஊரில் ஒன்பது வருடம்

பெர்லினில் பார்க்க ஒன்றுமில்லை என்று நம்மவர் ஒருவர் போட்ட பயணக் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெரியப்பா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே “நம் பையன் இருக்கும் ஊர் இதுதானா?” என்று கேட்ட பிறகு முடியவில்லை.

பத்து நாட்களில் எட்டுத் தலைநகரங்களைப் பார்த்து முடித்தவர் அந்தக் காணொளிக்காரர். பாரிஸுக்கு இருபது நிமிடம், ரோமுக்குப் பதினைந்து, வியன்னாவின் அரண்மனைக்குப் பின்னணியில் வயலின் வேறு. பெர்லினுக்கு மட்டும் இரண்டே நிமிடம். “வரலாறெல்லாம் போரில் போய்விட்டது, மிச்சமிருப்பது குடியும் கூத்தும்தான்.” கூத்து என்ற சொல்லை வசையாக்கியதே நாம்தான், அதை விடுங்கள்.

அவர் எந்தக் கட்டடத்தைக் காட்டிச் சிரித்தார் என்று கவனித்தீர்களா? கோப்பெனிக்கர் தெருவிலிருக்கும் பழைய மின் நிலையம். உள்ளே இருப்பது ட்ரேசோர் என்ற நடன விடுதி. ஜெர்மன் மொழியில் இரும்புப் பெட்டகம் என்று பொருள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று வரிசையில் நின்ற ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். 1991இல் அந்த நடன விடுதி தொடங்கியது லைப்சிகர் தெருவில், வெர்ட்ஹைம் பேரங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில். வெர்ட்ஹைம் யூதக் குடும்பம்; நாஜிகள் அவர்களிடமிருந்து கடையைப் பிடுங்கினார்கள். குண்டுவீச்சில் கடை சிதைந்தது, எஞ்சியதைக் கிழக்கு ஜெர்மனி இடித்தது, பக்கத்திலேயே ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவர் எழுந்தது. மண்ணுக்கடியில் துருப்பிடித்த பெட்டகங்கள் மட்டும் யாரும் தேடாமல் கிடந்தன. சுவர் விழுந்த பின் இளைஞர்கள் சிலர் அதைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வளர்ந்த பிள்ளைகள் ஒரே இருட்டில் ஆடினார்கள். 2005இல் அங்கிருந்து வெளியேற்றினார்கள், 2007இல் இந்த மின் நிலையத்துக்கு வந்தார்கள். பழைய இடத்தில் இன்று ஒரு வணிக வளாகம். அங்கே போயிருந்தால் நம்மவர் இருபது நிமிடம் எடுத்திருப்பார்.

வரலாறு போரில் போய்விட்டதாம்! அது இரவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஊரின் இரவைக் கழித்துவிட்டு இந்த ஊரின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

மோட்ஸ் தெருவில் எல்டொராடோ என்று ஒரு விடுதி இருந்தது. 1920களில் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் உடுத்தி அச்சமின்றி ஆடிய இடம். 1933இல் அதே கட்டடத்தில் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படை அலுவலகம் போட்டது. அந்த மே மாதம், பாலின ஆய்வுக்காக மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திய நிறுவனத்தைச் சூறையாடி, அதன் நூல்களை ஓபரா சதுக்கத்தில் எரித்தார்கள். எரித்தவர்களும் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

சரி, கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஒரு பயணக் காணொளிக்கு ஹிட்லர் அதிகம்தான். ஆனால் திரும்பப் பெறப்போவதில்லை.

மேற்கு பெர்லினில் 1949இலேயே விடுதிகளின் மூடும் நேரத்தை நீக்கிவிட்டார்கள். ஹைன்ஸ் செல்லர்மையர் என்ற விடுதிக்காரர் ஒரு விஸ்கி பாட்டிலோடு அமெரிக்கத் தளபதியைப் பார்க்கப் போய்ப் பேசி முடித்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. பாதி ஊர் இடிபாடாகக் கிடந்த காலம் அது!

“யுனெஸ்கோ இரைச்சலுக்கு விருது கொடுத்ததாம்” என்று ஒரு கிண்டல் வேறு. 2024இல் பெர்லின் டெக்னோவை, அதாவது இந்த விடுதிகளின் மின்னணு நடன இசையைச் சேர்த்தது ஜெர்மனியின் சொந்தப் பண்பாட்டு மரபுப் பட்டியலில். உலகப் பட்டியலில் அல்ல. அதே பட்டியலில் ஜெர்மானியர்களின் ரொட்டி மரபும் இருக்கிறது. ரொட்டியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இனி வருவீர்கள். “போதைப்பொருள் இல்லையா?” இருக்கிறது. “பக்கத்து வீட்டுக்காரர் தூங்க வேண்டாமா?” வேண்டும். “வெள்ளைக்காரனுக்கு வக்காலத்தா?” இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. நான் அந்த விடுதிகளுக்குள் மொத்தம் இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த பெர்லின் இரவு வேறு. படிக்கும்போது வார இறுதிகளில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். மாலை ஏழு மணிக்குக் கையை நனைத்தால் அதிகாலை மூன்று. விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். ஆடி முடித்தவர்களும் கழுவி முடித்தவர்களும் ஒரே பெட்டியில் தூங்கி வழிவோம்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் வீட்டு உரிமையாளர், யாழ்ப்பாணத்து அண்ணர். 1984இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக மேற்குக்குள் வந்தவர். அந்த வழியில் மேற்கத்தியர் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் அப்படித்தான் வந்தார்கள், 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வாசலை அடைக்கும் வரை. சுவர் விழுந்த இரவில் அண்ணர் எங்கே இருந்தார் என்று ஒருமுறை கேட்டேன். “அடுப்படியிலே” என்றார். தெருவில் ஊரே அழுது சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப்போல் கோப்பை சேர்ந்ததே இல்லையாம்.

பார்க்க ஒன்றுமில்லையாம்.

அம்மா நேற்று அழைத்தாள். காணொளியை அவளுக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள். “இரவில் மட்டும் வெளியே போகாதே” என்றாள். சரி என்றேன். பாத்திரம் கழுவிய அந்த இரண்டு வருடங்களும் நூலகத்தில் வேலை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் முகநூலில் இல்லை.

பெரியப்பா இருக்கிறார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.