பில்லுல பாதி, கிச்சன்ல முழுசும்

இந்த ஃபிஃப்டி ஃபிஃப்டி பேச்ச கேட்டாலே எனக்கு எரிச்சலா வருதுங்க. லவ் பண்ற காலத்துல காபி, சினிமா டிக்கெட், ஆட்டோ காசு எல்லாம் ஜிபேல சரிபாதி போட்டுக்குறாங்க, அது நல்ல விஷயம்தான், எனக்கும் அதுதான் பிடிக்கும், அடுத்தவங்க காசுல சாப்பிட்டுட்டு பேச்சு வாங்கணும்னு நமக்கு என்ன தலையெழுத்து. ஆனா அதே ஆளு கல்யாணம் முடிஞ்சதும் அம்மாவுக்கு கால் வலி, காலைல டிபன் மட்டும் நீ பாத்துக்கோன்னு சாதாரணமா சொல்றாரு. அந்த டிபன் எங்க ஆரம்பிக்குதுன்னு அவருக்கு தெரியவே தெரியாது. முந்தின நாளே அரிசி உளுந்து ஊறப்போடணும், கிரைண்டர்ல ஆட்டணும், அந்த கல்ல தூக்கி கழுவணும், விடிஞ்சா தேங்கா துருவி சட்னி அரைக்கணும், லஞ்ச் பாக்ஸ் கட்டணும், அதுக்கப்புறம்தான் நம்ம ஆபீஸ் பஸ்ஸ பிடிக்க ஓடணும். வீட்டு லோன் ஈஎம்ஐ மட்டும் கரெக்டா பாதி!

நான் சும்மா சொல்லல, 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயிலயே இருக்கு, பொம்பளைங்க வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97. அதுவும் வீட்டு வேலை செய்ற ஆம்பளைங்கள மட்டும் எடுத்த கணக்கு, தொடாதவங்க அதுல சேர்த்தியே இல்ல.

பொண்ணுங்களா, நிச்சயத்துக்கு முன்னாடியே கேட்டுடுங்க, மாவு யார் ஆட்டுவா, பாத்திரம் யார் கழுவுவா, குழந்தைக்கு காய்ச்சல்னா யார் லீவு போடுவான்னு. மூஞ்ச தூக்கினா தூக்கட்டும்.